கொத்தடிமைக் கண்காணிப்புக் குழுவில் புது உறுப்பினர்: முதல் புகார் வந்தால் எங்கே தொடங்குவது?

மலர்விழி (கேள்வி)

வணக்கம். எங்கள் வருவாய்க் கோட்டத்தின் கொத்தடிமைத் தொழிலாளர் கண்காணிப்புக் குழுவில் சமூகப் பணியாளருக்கான இடத்துக்கு என்னை நியமித்து ஆணை வந்திருக்கிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு) சட்டத்தைப் படித்துவிட்டேன். 27 பிரிவுகளைத் தாண்டாத சின்னச் சட்டம்தான். ஆனால் ஒரு சூளை வாசலில் நிற்கும்போது அதில் எந்த வரி கைகொடுக்கும் என்பது பிடிபடவில்லை.

எங்கள் பகுதியில் செங்கல் சூளைகள் அதிகம், சில அரிசி ஆலைகள், ஒரு பெரிய நூற்பாலை. பேசிப் பார்த்தவரை அலுவலர்கள் சொல்வது இதுதான்: "முன்பணம் வாங்கியிருக்காங்க, வேலை செய்து கழிக்கிறாங்க. யாரும் கட்டிப்போட்டு வைக்கலையே. இது கொடுக்கல் வாங்கல் தகராறு." இதற்கு என்ன பதில் சொல்வது? விசாரணை எப்படி நடக்க வேண்டும்? விடுதலைச் சான்று யார் தர வேண்டும், அதில் என்னென்ன இருக்க வேண்டும்? அரசு தரும் மறுவாழ்வுத் தொகை உண்மையில் எப்போது கைக்கு வரும்? அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கோப்புக்கட்டு

மேடம், "கட்டிப்போட்டு வைக்கலையே" என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவிடுங்கள். கொத்தடிமை முறை என்றால் என்ன என்று சொல்லும் பிரிவு 2(ஜி) பூட்டையோ சங்கிலியையோ கேட்கவே இல்லை. அது இரண்டு விஷயத்தைத்தான் பார்க்கச் சொல்கிறது. ஒன்று, ஆளைப் பிடித்துவைக்கும் கட்டு: முன்பணம், ஊர் வழக்கம், அப்பன் பாட்டன் வைத்துப்போன கடன், பிறந்த சாதி, அல்லது வேறு ஏதாவது பொருளாதாரப் பயன். இரண்டு, அந்தக் கட்டினால் பறிபோனது: கூலி கிடைக்காமலோ பெயரளவுக் கூலிக்கோ உழைப்பது, வேறிடத்தில் வேலைக்குப் போக முடியாமல் போவது, நாட்டுக்குள் நினைத்த இடத்துக்குப் போய்வர முடியாமல் போவது, தன் உழைப்பில் விளைந்த பொருளைச் சந்தை விலைக்கு விற்க முடியாமல் போவது. இந்த நான்கும் சேர்ந்து இருக்க வேண்டியதில்லை. ஒன்று இருந்தால் போதும்.

இதில் "பெயரளவுக் கூலி" என்பதற்கு 2(ஐ) பிரிவே பொருள் சொல்லிவிடுகிறது: அந்த வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே எது இருந்தாலும் பெயரளவுக் கூலிதான். 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே, கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் அரசியலமைப்பின் 23ஆம் உறுப்போடு சேர்த்துச் சொன்னது. பசியாலும் வேறு வழியில்லாமலும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை செய்வதும் கட்டாய உழைப்பு. அலுவலர்கள் பெரும்பாலும் ஆள் நடமாட்டத்தை மட்டும் பார்க்கிறார்கள், கூலிக் கணக்கைத் தொடுவதில்லை. நீங்கள் கூலியிலிருந்தே தொடங்குங்கள்.

சூளையில் கணக்கு நோட்டு ஒன்று இருக்கும். மேஸ்திரியிடம் ஒன்று, முதலாளி தரப்பில் ஒன்று. குடும்பத்தின் பெயர், சீசன் தொடக்கத்தில் கொடுத்த முன்பணம், வாரம் எத்தனை கல் அறுத்தார்கள், வாரச் செலவுக்காகக் கையில் கொடுத்த காசு, மழையில் கரைந்த கல்லுக்குப் பிடித்தம், ஆஸ்பத்திரிச் செலவு, எல்லாம் அதில்தான் இருக்கும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசியிருப்பார்கள். அதைத் தலைக்குப் பிரித்தால்தான் உண்மை தெரியும்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஆயிரம் கல்லுக்கு 900 ரூபாய் என்று பேச்சு. கணவன், மனைவி, கணவனின் தம்பி மூவரும் சேர்ந்து நாளுக்கு 1,200 கல். வருவது 1,080 ரூபாய், தலைக்கு 360. இப்போது நேரத்தைக் கேளுங்கள். நடுராத்திரி ஒரு மணிக்கு மண் குழைத்து அறுக்கத் தொடங்கி முற்பகல் பத்து மணி வரை. பிறகு மாலையில் கல்லைத் திருப்பிப் போட்டுக் காயவைத்து அடுக்க மூன்று மணி நேரம். ஆகப் பன்னிரண்டு மணி நேரம். எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்டதை மிகைநேரமாக இரட்டிப்புக் கூலியில் வைத்தால் இது பதினாறு மணி நேரக் கூலிக்குச் சமமான வேலை. அதாவது எட்டு மணி நேரத்துக்கு 180 ரூபாய்தான் விழுகிறது. இந்த எண்ணை அன்றைய குறைந்தபட்சக் கூலி அரசாணையோடு பக்கத்தில் வைத்து ஒரு தாளில் எழுதிக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். அதன் பிறகு "கொடுக்கல் வாங்கல்" என்று அறிக்கை எழுதுவது யாருக்கும் எளிதாக இருக்காது.

முன்பணத்துக்குச் சீட்டே இல்லை என்றால்? கவலை வேண்டாம். பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி சொல்லியிருக்கிறது. ஒருவர் கட்டாய உழைப்பில் இருக்கிறார் என்று காட்டிவிட்டால், அது முன்பணத்துக்காகவோ வேறு பொருளாதாரப் பயனுக்காகவோதான் என்று அனுமானிக்க வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை. சட்டத்தின் 15ஆம் பிரிவும் அப்படியே: இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளியோ உங்கள் குழுவோ சொன்னால், இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. "உங்கள் குழுவோ" என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த உரிமை உங்களுக்கு நேரடியாகவே இருக்கிறது.

களவிசாரணை

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் நான் பார்த்தவரை வழக்கு தோற்பது விசாரணை நடக்கும் முதல் நாளிலேயே. அதனால் அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 2017 ஆகஸ்டில் அடையாளம் காண்பது, மீட்பது, வழக்குத் தொடுப்பது மூன்றுக்கும் நிலையான வழிமுறை ஒன்றை எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியிருக்கிறது. தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் விசாரணை என்பது அதன் அடிப்படை. நடைமுறையில் என்ன ஆகிறது? புகார் மனு ஆட்சியர் அலுவலகத்திலிருந்து கோட்டத்துக்கு, கோட்டத்திலிருந்து வட்டாட்சியருக்கு, அங்கிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, கடைசியில் கிராம நிர்வாக அலுவலருக்கு என்று இறங்குகிறது. ஒவ்வொரு மேசையிலும் சூளையின் பெயர் வெளியே தெரிகிறது. விசாரணைக் குழு போய் இறங்கும்போது குடும்பங்கள் வேறு சூளைக்கு மாற்றப்பட்டிருக்கும், அல்லது "நாங்க விருப்பப்பட்டுத்தான் இருக்கோம்" என்று சொல்லிக்கொடுத்து வைக்கப்பட்டிருக்கும். ஆகவே புகாரைக் கோட்டாட்சியர் கையிலோ சார் ஆட்சியர் கையிலோ நேரில் கொடுங்கள். மனுவில் சூளையின் பெயரை எழுதாமல், இடத்தைக் காட்டும் வரைபடத்தைத் தனித்தாளாக மூடிய உறையில் வைத்துக் கொடுப்பதும் உண்டு. புறப்படும்வரை இடத்தைப் போலீசுக்குக்கூடச் சொல்லத் தேவையில்லை. பாதுகாப்புக்கு இத்தனை பேர் வேண்டும் என்று கேட்டால் போதும்.

அங்கே போனதும் முதலாளி, மேலாளர், மேஸ்திரி மூவரையும் தொழிலாளர்களிடமிருந்து பிரித்துவிட வேண்டும். அவர்கள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பதும் ஆபத்துதான். அடுத்த ஐந்து நிமிடத்தில் ஊரிலிருந்து தொழிலாளியின் மாமனாருக்கு மிரட்டல் போகும். அலுவலரே அவர்களைத் தன்னோடு உட்காரவைத்துப் பதிவேடுகளைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொழிலாளர்களைக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துவந்து வாக்குமூலம் வாங்குவதே நல்லது. சூளை மண்ணில் நின்றுகொண்டு யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். பெண்களிடம் பெண் அலுவலர் கேட்க வேண்டும். கணவனும் மனைவியும் தனித்தனியாக.

"நீங்கள் கொத்தடிமையா?" என்று கேட்பதைப்போல் கெடுதல் வேறில்லை. அந்தச் சொல்லைத் தன்மீது ஏற்றுக்கொள்ள யாருக்கு மனம் வரும்? "இல்லைங்க" என்பதுதான் பதிலாக வரும், அறிக்கையும் அதோடு முடிந்துவிடும். மாறாக இப்படிக் கேளுங்கள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனீர்களா? எல்லோருமா போனீர்கள், யாராவது இங்கே இருந்தீர்களா? சாவுக்குப் போகணும் என்றால் யாரிடம் கேட்கணும்? பக்கத்துச் சூளையில் கூலி அதிகம் என்றால் நாளைக்கே அங்கே போகலாமா? போன சீசன் கணக்குப் பார்த்தபோது கையில் என்ன வந்தது, பாக்கி என்ன நின்றது? ஆதார், ரேஷன் கார்டு யாரிடம் இருக்கிறது? குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு வேலை?

இவற்றில் மிகப் பெரிய தடயம் இரண்டாவது கேள்வி. ஒரு குடும்பம் திருவிழாவுக்கோ துக்கத்துக்கோ போகும்போது மனைவியோ ஒரு பிள்ளையோ சூளையிலேயே தங்கினால்தான் மற்றவர்களை விடுகிறார்கள் என்றால், அங்கே பிணை வைத்துக்கொண்டுதான் ஆளை அனுப்புகிறார்கள். நடமாடும் உரிமை பறிபோனதற்கு அதைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை. பதிலை அவர்கள் சொன்ன பேச்சிலேயே எழுதச் சொல்லுங்கள். அலுவலக நடைக்கு மாற்றினால் உயிர் போய்விடும்.

கணக்கு நோட்டை அன்றைக்கே கைப்பற்ற வேண்டும். மறுநாள் அது இருக்காது. அடையாள ஆவணங்களையும் அன்றே வாங்கித் தொழிலாளர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். சட்டி பானை, துணிமணி, வளர்த்த கோழி ஆடு வரைக்கும் ஏற்றிக்கொள்ள வண்டியில் இடம் வைத்துக்கொண்டு போங்கள். பொருள் அங்கே கிடந்தால் அதை எடுக்கவென்றே ஆள் திரும்பிப் போவார். போனால் அங்கேயே பேசி மடக்கிவிடுவார்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. சில இடங்களில் "பாக்கியைக் கட்டிவிட்டுக் கூட்டிப் போங்கள்" என்று அதிகாரிகளே சமரசம் பேசுகிறார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், ஆனால் அது சட்டவிரோதம். 6ஆம் பிரிவின்படி அந்தக் கடன் சட்டம் வந்த நாளோடு ஒழிந்துபோனது. ஒழிந்த கடனுக்குப் பணம் வாங்குவது 9ஆம் பிரிவின் கீழ் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஒரு ரூபாய்கூடக் கைமாறக் கூடாது.

நீதிமன்றவாசல்

விடுதலைச் சான்று பற்றி நான் எழுதுகிறேன், ஏனெனில் எல்லாப் பலனும் அந்த ஒரு தாளில்தான் தொங்குகிறது.

வழங்குபவர் மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்த கோட்ட நிலை அலுவலர். அதாவது கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்த பிறகுதான் சான்று என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. விசாரணையில் கொத்தடிமை நிலை என்று தெரிந்தால் அப்போதே கொடுக்க வேண்டும். "போலீஸ் அறிக்கை வரட்டும்" என்று நிறுத்திவைக்கவும் இடமில்லை. வருவாய் விசாரணை வேறு, குற்ற வழக்கு வேறு.

தவறு எங்கே நடக்கிறது என்றால், குடும்பத்துக்கு ஒரு சான்று என்று ஆண் பெயரில் மட்டும் எழுதிவிடுகிறார்கள். இதன் விலை என்ன தெரியுமா? மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் வயது வந்த ஆணுக்கு 1 லட்சம் ரூபாய். பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம். திருநர், மாற்றுத்திறனாளி, பாலியல் சுரண்டலிலிருந்தோ கடத்தலிலிருந்தோ மீட்கப்பட்ட பெண் அல்லது குழந்தை போன்ற கடும் நிலைகளில் 3 லட்சம். ஆட்சியர் தகுதி என்று கருதும் பிற நேர்வுகளும் இந்த மூன்றாம் வகையில் வரலாம். ஆக மனைவியின் பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பம் 2 லட்சம் ரூபாயை இழக்கிறது. "அவர் பெயரில் முன்பணம் இல்லையே" என்பார்கள். முன்பணம் யார் பெயரில் என்பது கேள்வியே இல்லை, அதற்காக யார் உழைத்தார் என்பதே கேள்வி. வேலை செய்த ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சான்று கேளுங்கள். பிள்ளைகள் கல் திருப்பிப் போட்டிருந்தால் அவர்களுக்கும். அவர்களைக் கூடவே 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும்.

பெயர் எழுத்து ஆதாரில் உள்ளபடி இருக்க வேண்டும். முனியம்மாள் ஒரு தாளில், முனியம்மா இன்னொரு தாளில் என்றால் வங்கி திருப்பி அனுப்பும். தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, சொந்த ஊர் முழு முகவரி, எந்த நாள் முதல் எந்த நாள் வரை கட்டுண்டிருந்தார், வேலை வைத்தவர் பெயரும் இடமும், கடன் ஒழிந்துவிட்டது என்ற வாசகம், தேதி, முத்திரை, புகைப்படம். இவ்வளவையும் கொடுக்கும் முன்பே சரிபாருங்கள். பிறகு திருத்தம் வாங்குவது மிகவும் கடினம்.

இருளர் குடும்பங்களாக இருந்தால் பலருக்குச் சாதிச் சான்றே இருக்காது. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான சாதிச் சான்றை வழங்குவதும் கோட்டாட்சியர்தான். விடுதலைச் சான்று கொடுக்கும் அதே மேசை. இரண்டு மனுவையும் ஒன்றாகக் கொடுங்கள், ஏனெனில் வழக்கின் போக்கே அதனால் மாறும்.

எப்படி என்றால், 1976 சட்டத்தின் 16, 17, 18 பிரிவுகளில் அதிகபட்சம் மூன்றாண்டு சிறை, 2,000 ரூபாய் அபராதம். குற்றம் பிணையில் விடத்தக்கது. அபராதத்திலிருந்து தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 5 ரூபாய் வீதம் தரலாம் என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. 1976இல் எழுதிய எண் இன்றும் அப்படியே நிற்கிறது, நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது. முதல் தகவல் அறிக்கையில் இந்தச் சட்டம் மட்டும் இருந்தால் எதிரி அன்றைக்கே பிணையில் போய்விடுவார். ஆகவே உண்மைகள் பொருந்தும் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவும் சேர வேண்டும். ஆள்கடத்தல் குற்றம், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 370. ஏழு முதல் பத்தாண்டு சிறை. ஒன்றுக்கு மேற்பட்டவர் என்றால் பத்தாண்டு முதல் ஆயுள் வரை. பிணையில் விட முடியாத குற்றம். தொழிலாளி சம்மதித்துத்தான் வந்தார் என்பது தற்காப்பாகாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. ஆனால் ஏமாற்றி அழைத்துவந்தார்கள், மிரட்டினார்கள், இயலாமையைப் பயன்படுத்தினார்கள் என்பவை வாக்குமூலத்தில் வர வேண்டும். "வேலை கஷ்டம், கூலி குறைவு" என்று மட்டும் எழுதியிருந்தால் 143 நிற்காது.

தொழிலாளி பட்டியலினத்தவர் அல்லது பழங்குடியினர், எதிரி அப்படி இல்லாதவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எச்). 2016 முதல் நடைமுறையில் உள்ள பிரிவு, கொத்தடிமை உழைப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும். விதிகளின்படி 1 லட்சம் ரூபாய் தீருதவி, முதல் தவணை முதல் தகவல் அறிக்கை நிலையிலேயே. குழந்தைகள் இருந்தால் இளைஞர் நீதிச் சட்டம் 79: ஐந்தாண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் அபராதம்.

சாட்சிகளின் வாக்குமூலத்தை நீதித்துறை நடுவர் முன் 183ஆம் பிரிவில் (பழைய 164) சீக்கிரம் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பியதும் மேஸ்திரி வந்து நிற்பார். அவர் பெரும்பாலும் சொந்தக்காரராகவே இருப்பார். ஆறு மாதம் கழித்து வரும் வாக்குமூலம் அந்த அழுத்தத்தையெல்லாம் தாண்டி வர வேண்டியிருக்கும்.

தொகைப்பிரிவு

முந்தைய பதிவில் தொகைகள் சரி. ஆனால் அந்த 1, 2, 3 லட்சம் மீட்கப்பட்ட மறுமாதமே வந்துவிடும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். தொழிலாளர்களிடம் அப்படிச் சொல்லியும்விட வேண்டாம்.

இரண்டு தொகை இருக்கிறது. உடனடி உதவி என்பது முதல். 2016 திட்டத்தில் 20,000 ரூபாய் வரை இருந்தது, பிறகு திருத்தப்பட்ட திட்டத்தில் 30,000 வரை ஆனது. இது வழக்கின் முடிவைச் சார்ந்ததல்ல. மீட்ட மாவட்டத்தின் ஆட்சியர் தன்னிடமுள்ள கொத்தடிமை மறுவாழ்வு நிதியிலிருந்தே கொடுக்கலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது 10 லட்சம் ரூபாய் நிரந்தர இருப்பாக அந்த நிதி இருக்க வேண்டும். இங்கே ஒரு கணக்கு: தலைக்கு 30,000 என்றால் 10 லட்சம் 33 பேருக்குத்தான் வரும். பெரிய சூளை ஒன்றில் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். எனவே மீட்புக்கு முன்பே நிதியில் எவ்வளவு இருக்கிறது, முன்பு எடுத்ததை மத்திய அரசிடமிருந்து திரும்பப் பெற்று நிரப்பினார்களா என்று குழுக் கூட்டத்தில் கேளுங்கள். கேட்காவிட்டால் "நிதி இல்லை" என்ற பதில் மீட்புக்கு மறுநாள்தான் தெரியவரும்.

இரண்டாவது, முழு மறுவாழ்வுத் தொகை. இதை எதிரியின் தண்டனையோடு இணைத்துவைத்திருக்கிறார்கள். இந்த இணைப்பு அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. போலீசும் நீதிமன்றமும் தாமதித்தால் அதற்குத் தொழிலாளி ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? இருந்தாலும் ஒரு திறப்பு இருக்கிறது. விசாரணை முடியாவிட்டாலும், மாவட்ட நிர்வாகம் முதல் நோக்கில் கொத்தடிமை நிலை உண்டு என்று ஆதாரத்தோடு கண்டிருந்தால், தண்டனை விவரம் இல்லை என்பதற்காக, தொகை கேட்டு அனுப்பும் கருத்துருவை (முன்மொழிவை) நிறுத்தக் கூடாது என்று 2016 திட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இறுதிப் பட்டுவாடாதான் சட்ட நடவடிக்கையின் முடிவைப் பார்க்கும். ஆகவே கருத்துருவை உடனே அனுப்பச் செய்யுங்கள். பல கோப்புகள் "வழக்கு நிலுவை" என்று எழுதிக் கட்டிவைக்கப்பட்டு, கடைசியில் தண்டனை வந்த பிறகு கருத்துருவே போகவில்லை என்று தெரியவரும்.

தொகை முழுவதும் ரொக்கமாகவும் வராது. 2 லட்சத்தில் குறைந்தது 1.25 லட்சம் அவர் பெயரில் ஆண்டுத்தொகை வைப்பாக (தவணை தவணையாகப் பணம் தரும் வைப்பு) போகும், 75,000 வங்கிக் கணக்குக்கு. 3 லட்சத்தில் 2 லட்சம் வைப்பு, 1 லட்சம் கணக்குக்கு. ஆணுக்குரிய 1 லட்சத்தில் எப்படி வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுக்கலாம். முன்பெல்லாம் மாநிலமும் பங்கு போட வேண்டியிருந்தது. 2016க்குப் பிறகு முழுவதும் மத்திய நிதி, "மாநிலப் பங்கு ஒதுக்கீடு வரவில்லை" என்ற காரணம் இப்போது செல்லாது.

"நீதிமன்றவாசல்" சொன்ன எல்லாப் பிரிவையும் சேர்ப்பதில் நான் உடன்படுகிறேன், ஆனால் ஒரு பக்கவிளைவு உண்டு. 21ஆம் பிரிவில் நிர்வாக நடுவருக்கு (நடுவர் அதிகாரமுள்ள வருவாய் அலுவலருக்கு) நீதித்துறை நடுவரின் அதிகாரம் கொடுத்துச் சுருக்க விசாரணையாக விரைவில் முடிக்க வழி இருக்கிறது. 143ஐயும் வன்கொடுமைச் சட்டத்தையும் சேர்த்தால் வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்கோ சிறப்பு நீதிமன்றத்துக்கோ போகும், ஆண்டுகள் ஆகும். தொகை தண்டனையோடு கட்டப்பட்டிருப்பதால் இது தொழிலாளியைத்தான் பாதிக்கும்.

நீதிமன்றவாசல்

உண்மைதான், அந்தச் சிக்கலை மறுக்கவில்லை. ஆனால் அவசரப்பட்டுச் சுருக்க விசாரணையில் சிறு அபராதத்தோடு முடித்தால், அதே நிகழ்வுக்காக இரண்டாம் முறை விசாரிக்கக் கூடாது என்ற வாதத்தை எதிரி அமர்வு நீதிமன்றத்தில் வைப்பார். பெரிய வழக்கு அதோடு ஆட்டம் காணும். நான் சொல்வது: கடத்தலுக்கு ஆதாரம் வலுவாக இருந்தால் பெரிய வழக்கு. ஆதாரம் கூலிக்கணக்கில் மட்டும் நிற்கிறதென்றால் சுருக்க விசாரணை. இதை முதல் வாரத்திலேயே ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஆள்கடத்தலுக்கும் கட்டாய உழைப்புக்கும் ஆளானவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தொலைபேசி 15100.

மலர்விழி

எல்லோருக்கும் மிக்க நன்றி. குடும்பத்துக்கு ஒரு சான்று என்பதைத்தான் இங்கே வழக்கமாக வைத்திருக்கிறார்கள் என்று இப்போது புரிகிறது. இன்னும் இரண்டு சந்தேகம். நூற்பாலையில் முன்பணமே கிடையாது. மூன்று வருடம் முடித்தால் திருமணத்துக்கு மொத்தமாகத் தருகிறோம் என்று சொல்லி இளம்பெண்களை விடுதியில் வைத்திருக்கிறார்கள். இது சட்டத்துக்குள் வருமா? சூளைகள் சிலவற்றில் ஒடிசாக்காரர்கள். அவர்கள் மீட்கப்பட்டால் எந்த மாவட்டம் பொறுப்பு?

கோப்புக்கட்டு

ஆலையில் கடன் தலைகீழாக நிற்கிறது, அவ்வளவுதான். சூளையில் தொழிலாளி முதலாளிக்குப் பாக்கி. ஆலையில் அந்தப் பெண்ணின் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு முதலாளி அவளுக்குப் பாக்கி. இடையில் விலகினால் மொத்தத் தொகையும் போய்விடும் என்ற பயமே கட்டு. பார்க்க வேண்டியவை: மாதம் கையில் கொடுப்பதும் பிடித்துவைப்பதும் சேர்ந்து குறைந்தபட்சக் கூலியைத் தொடுகிறதா, இடையில் போனால் அதுவரை சேர்ந்ததைக் கொடுக்கிறார்களா, விடுதியிலிருந்து தனியாக வெளியே போக முடிகிறதா, வீட்டுக்குப் பேசும்போது காப்பாளர் பக்கத்தில் நிற்கிறாரா. வருகைப் பதிவேட்டில் இரவுப் பணிகளின் எண்ணிக்கையையும் பிறந்த தேதியையும் தவறாமல் பாருங்கள். முன்பணம் இல்லை என்பதால் விசாரணையே வேண்டாம் என்று யாராவது சொன்னால், பந்துவா முக்தி மோர்ச்சா தீர்ப்பின் அனுமானத்தை எழுத்தில் எடுத்துக்காட்டுங்கள். கொத்தடிமை என்று முடிவாகாவிட்டாலும் குறைகூலிக் கோரிக்கையைத் தொழிலாளர் துறையில் தனியாகப் போடலாம். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

களவிசாரணை

ஒடிசாக் குடும்பங்களுக்கு: விசாரணை, விடுதலைச் சான்று, உடனடி உதவி, முதல் தகவல் அறிக்கை எல்லாம் வேலை வாங்கிய மாவட்டத்தின் பொறுப்பு. மறுவாழ்வு சொந்த மாவட்டத்தின் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவே கோப்பு காணாமல் போவதுதான் வழக்கம். சான்றின் நகல், வாக்குமூலம், வங்கிக் கணக்கு எண் மூன்றையும் இங்குள்ள ஆட்சியர் அங்குள்ள ஆட்சியருக்கு எழுதும் கடிதத்தோடு இணைத்து, அதன் நகலைத் தொழிலாளர் கையிலும் கொடுத்தனுப்புங்கள். உடனடி உதவியை ரயில் ஏறும் முன் கணக்கில் போட்டுவிட வேண்டும். போனபின் அனுப்புகிறோம் என்றால் அது பெரும்பாலும் போவதில்லை.

மொழிபெயர்ப்புக்குச் சூளை மேஸ்திரியை வைத்துக்கொள்ளும் கொடுமை இன்னும் நடக்கிறது. முன்கூட்டியே ஒடியா தெரிந்த ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். சான்று இருமொழியில் இருக்கட்டும், தமிழில் மட்டும் இருந்தால் அங்குள்ள வட்டார அலுவலகத்தில் யாருக்கும் புரியாது. ரயிலில் காவலர் துணையும் கேளுங்கள். நடுவழி நிலையத்தில் தரகர் ஏறி இறக்கிவிடும் அபாயம் உண்டு.

தொகைப்பிரிவு

மேடம், உங்கள் முதல் கூட்டத்துக்கு ஒரு யோசனை. மீட்டவர்கள் திரும்பவும் அதே தொழிலில் விழுவது பெரும்பாலும் முதல் சில மாதங்களில். வீட்டில் அரிசி இல்லை, மேஸ்திரி கையில் புது முன்பணம் இருக்கிறது. அந்த இடைவெளியை அடைப்பதற்குத்தான் பணமல்லாத உதவிகளைத் திட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள்: மனைப்பட்டா, வீடு, கறவை மாடு, ரேஷன், குழந்தைகளுக்குப் பள்ளி. இவற்றில் ரேஷன் கார்டையும் ஊரக வேலை அட்டையையும் முதல் இரண்டு வாரத்துக்குள் வாங்கிக்கொடுத்துவிடுங்கள். மற்றவை மெதுவாக வந்தாலும் பரவாயில்லை. அரிசி ஆலையில் தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் என்றால் 8ஆம் பிரிவையும் நினைவில் வையுங்கள். வேலைக்கு ஈடாகக் கொடுத்த குடியிருப்பிலிருந்து விடுதலையானவரை வெளியேற்றக் கூடாது. வெளியேற்றினால் கோட்ட நிர்வாக நடுவர் மீட்டுக் கொடுக்க வேண்டும்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு முதலாளி வழக்குப் போட்டால், அதில் தொழிலாளிக்காக வாதாடுவது 14ஆம் பிரிவின்படி உங்கள் குழுவின் கடமை. இதைக் குழு உறுப்பினர்கள் பலரே அறியமாட்டார்கள். அந்தப் பிரிவில் கணக்கெடுப்பும் இருக்கிறது. மத்தியத் திட்டத்தில் கொத்தடிமை முறை மிகுந்த மாவட்டங்களுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்க 4.5 லட்சம் ரூபாய் உண்டு. உங்கள் மாவட்டம் கடைசியாக எப்போது எடுத்தது, அறிக்கை எங்கே என்று கேட்டு, பதிலைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் எழுதவையுங்கள். இதுவரை வழங்கிய விடுதலைச் சான்றுகளின் பதிவேட்டையும் மேசைக்குக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உடனடி உதவி, கருத்துரு அனுப்பிய நாள், வழக்கு எண் மூன்று பத்தியும் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருக்கும் பெயர்களிலிருந்தே உங்கள் வேலையைத் தொடங்கலாம்.